ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்கு மனுப் போடும் முன்: உள்நாட்டுப் பரிகாரங்களை முடிப்பது எப்படி? – முழுமையான வழிகாட்டி

ஐரோப்பாவில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் வழக்கு அந்த நாட்டின் கடைசி நீதிமன்றத்திலும் தோற்றுவிட்டால், "ஸ்ட்ராஸ்பூர்க் கோர்ட்டுக்கு எழுதிப் போடுங்கள்" என்று யாராவது சொல்வார்கள். எழுதிப் போடலாம்தான். கட்டணம் கிடையாது. மனுப் போடும் கட்டத்தில் வக்கீல் கட்டாயமும் இல்லை. ஆனால் அந்த நீதிமன்றம் முடித்துவைக்கும் மனுக்களில் பெரும்பாலானவை, உரிமை மீறப்பட்டதா என்ற தீர்ப்பு வரை போகாமலே தள்ளுபடியாகின்றன. உண்மையிலேயே அடிபட்டவர்களின் மனுக்களும் அவற்றில் இருக்கின்றன என்பதுதான் மனதை வருத்துகிறது.

அப்படித் தள்ளுபடியாகும் பல மனுக்களில் பிழை ஸ்ட்ராஸ்பூர்க்கில் நடந்திருக்காது. வருடங்களுக்கு முன் உள்ளூர் நீதிமன்றத்தில் கொடுத்த முதல் எழுத்து வாதத்திலோ, தவறவிட்ட ஒரு மேல்முறையீட்டுக் கெடுவிலோ நடந்திருக்கும். ஆகவே வழக்கு உள்நாட்டில் நடந்துகொண்டிருக்கும்போதே இதைப் படியுங்கள். எல்லாம் முடிந்த பிறகு படித்தால் இதில் பாதி உதவாது.

எந்த நீதிமன்றத்தைப் பற்றிப் பேசுகிறோம்

ஸ்ட்ராஸ்பூர்க்கில் இருப்பது ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம். 1959இல் அமைந்தது. இது ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் அல்ல; அது லக்சம்பர்க்கில் இருக்கிறது. ஸ்ட்ராஸ்பூர்க் நீதிமன்றம், ஒன்றியத்திலிருந்து வேறான ஐரோப்பியக் கவுன்சில் என்ற நாடுகளின் அமைப்புக்கு உரியது. பிரெக்சிட்டுக்குப் பிறகும் பிரிட்டனுக்கு எதிராக அங்கே மனுப் போட முடிவது இதனால்தான். நார்வே, சுவிட்சர்லாந்து, துருக்கி எல்லாம் உண்டு. 2022இல் ரஷ்யா வெளியேற்றப்பட்ட பிறகு உறுப்பு நாடுகள் 46.

இலங்கைக்கோ இந்தியாவுக்கோ எதிராக அங்கே போக முடியாது. இலங்கை விஷயத்தில் ஐ.நா. மனித உரிமைக் குழுவுக்குத் தனிநபர் முறைப்பாடு அனுப்ப வழி இருக்கிறது. அதற்கான நெறிமுறையை இலங்கை 1997இல் ஏற்றது. அங்கும் உள்நாட்டுப் பரிகாரங்களை, அதாவது அந்த நாட்டிலேயே நீதி கேட்க இருக்கும் வழிகளை, முடித்திருக்க வேண்டும் என்பதே விதி. இந்தியா அந்த நெறிமுறையை ஏற்கவில்லை.

படி 1: உங்கள் புகார் ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கைக்குள் அடங்குகிறதா

இந்தப் படி சீக்கிரம் முடிந்துவிடும். ஆனால் தாண்டிப் போகக் கூடாது.

மீறலால் நேரடியாகப் பாதிக்கப்பட்டவர் நீங்களாக இருக்க வேண்டும். ஊருக்காகவோ ஒரு சட்டம் தவறு என்று காட்டவோ மனுப் போட முடியாது. எதிராளி அரசாக இருக்க வேண்டும்; வீட்டுக்காரர் மீதோ முதலாளி மீதோ நேராகப் போட முடியாது. அந்த உரிமை உடன்படிக்கையிலோ, அந்த நாடு ஏற்ற கூடுதல் நெறிமுறைகளிலோ இருக்க வேண்டும்.

கடைசி நிபந்தனைதான் நம்மவர்களைக் குழப்புகிறது. தஞ்சம் பெறும் உரிமை என்று தனியாக ஒன்று அந்த உடன்படிக்கையில் இல்லை. திருப்பி அனுப்பினால் சித்திரவதை நேரும் என்பது 3ஆம் பிரிவின் கீழ் வரும். மனைவி, பிள்ளைகளிடமிருந்து பிரித்து அனுப்புவது 8ஆம் பிரிவின் கீழ் வரும். "என் அகதி வழக்கை நியாயமாக விசாரிக்கவில்லை" என்று 6ஆம் பிரிவைக் காட்டினால் எடுபடாது. நாட்டுக்குள் அனுமதிப்பது, வெளியேற்றுவது பற்றிய நடவடிக்கைகளுக்கு அந்தப் பிரிவு பொருந்தாது என்று 2000ஆம் ஆண்டு மாவூயா வழக்கில் அந்த நீதிமன்றத்தின் மிகப் பெரிய அமர்வான பேரவை சொல்லிவிட்டது. விசாரணை சரியில்லை என்பதுதான் குறை என்றால் 13ஆம் பிரிவை, அதாவது பயனுள்ள பரிகாரம் பெறும் உரிமையை, 3ஆம் பிரிவோடு சேர்த்து எழுத வேண்டும். உள்நாட்டில் வாதம் எழுதும்போதே இதைச் சரியாக வைத்துவிட்டால் பிறகு சிரமம் இல்லை.

படி 2: உள்நாட்டுப் பரிகாரங்களை முடிப்பது

உடன்படிக்கையின் 35ஆம் பிரிவு முதல் பத்தியில் இருக்கிறது இந்த விதி. தவறு நடந்தால் அதைத் திருத்தும் முதல் வாய்ப்பு அந்த நாட்டுக்கே தரப்பட வேண்டும் என்பது அதன் நியாயம். உள்ளூர் நீதிபதி சாட்சிகளை நேரில் பார்க்கிறார், மொழி தெரிந்தவர், ஆவணங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. அவர் பார்க்க வேண்டியதைப் பார்த்த பிறகுதான் ஸ்ட்ராஸ்பூர்க் வரும்.

இந்த விதியைப் பலர் பாதிதான் புரிந்துகொள்கிறார்கள். "கடைசி நீதிமன்றம் வரை போய்விட்டேன், முடிந்தது" என்கிறார்கள். எல்லாக் கட்டங்களையும் தாண்டுவது ஒரு பாதி. ஸ்ட்ராஸ்பூர்க்கில் எந்தப் புகாரைச் சொல்லப் போகிறீர்களோ, அதே புகாரை ஒவ்வொரு கட்டத்திலும் சொல்லியிருப்பது மறுபாதி. அதிகம் பேர் அடிபடுவது இந்த மறுபாதியில்.

*எந்தெந்தக் கட்டங்கள்?* நாட்டுக்கு நாடு மாறும். சுவிட்சர்லாந்தில் தஞ்சக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டால் கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். தஞ்ச வழக்குகளில் பொதுவாக அதன் தீர்ப்பே இறுதி. பிரான்ஸில் தஞ்சக் கோரிக்கைகளை முதலில் முடிவுசெய்யும் ஒஃப்ப்ரா அலுவலகம் மறுத்தால் தேசியத் தஞ்ச உரிமை நீதிமன்றம், அதன் மேல் அரசுக் கவுன்சில். பிரிட்டனில் முதல்நிலைத் தீர்ப்பாயம், அடுத்து மேல் தீர்ப்பாயத்துக்குப் போக அனுமதி, அதன் பிறகு மேல்முறையீட்டு நீதிமன்றம். ஜெர்மனியில் நிர்வாக நீதிமன்றங்களோடு நிற்கக் கூடாது. பொதுவாகக் கார்ல்ஸ்ரூவில் உள்ள அரசியலமைப்பு நீதிமன்றத்தில் முறைப்பாடு செய்ய வேண்டும். அதற்குப் பொதுவாக ஒரு மாதம்தான் கெடு. அந்த மாதத்துக்குள் காரணங்களையும் முழுமையாக எழுதிக் கொடுக்க வேண்டும். துருக்கியிலும் 2012 செப்டம்பர் 23க்குப் பிறகு இறுதியான முடிவுகளுக்கு அரசியலமைப்பு நீதிமன்றத்தில் தனிநபர் மனு போட்டிருக்க வேண்டும் என்று 2013இல் உசுன் வழக்கில் முடிவானது.

எல்லாக் கதவுகளையும் தட்ட வேண்டியதில்லை. உண்மையில் திறந்திருப்பதாகவும், உங்கள் குறையை நேரடியாகத் தீர்க்கக்கூடியதாகவும், நியாயமான வெற்றி வாய்ப்பு உள்ளதாகவும் இருக்கும் பரிகாரத்தைத்தான் முடிக்க வேண்டும். அதிகாரி விரும்பினால் கவனிப்பார், விரும்பாவிட்டால் விடுவார் என்ற வகைப் பரிகாரங்கள் இதில் சேராது. மக்கள் குறைகேட்பு அதிகாரி, அமைச்சருக்குக் கருணை மனு, மேலதிகாரிக்குப் புகார், முடிந்த வழக்கை மறுபடி திறக்கக் கேட்பது எல்லாம் பொதுவாக இந்த ரகம். இவற்றைச் செய்யாவிட்டால் குற்றம் இல்லை. செய்துகொண்டே உட்கார்ந்திருந்தால்தான் ஆபத்து. அதைக் கெடு பற்றிய படியில் சொல்கிறேன்.

பிரிட்டனில் இதற்கு நல்ல உதாரணம் உண்டு. ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்ந்த வயதான இரண்டு சகோதரிகள், தம்பதிகளுக்குக் கிடைக்கும் வாரிசு வரி விலக்கு தங்களுக்கு இல்லை என்று போட்ட பர்டன் வழக்கு. சட்டம் உடன்படிக்கைக்கு முரணானது என்ற அறிவிப்பை முதலில் உள்நாட்டு நீதிமன்றத்தில் கேட்டிருக்க வேண்டும் என்றது அரசு. அந்த அறிவிப்பு வந்தாலும் சட்டத்தைத் திருத்துவதா வேண்டாமா என்பது அரசின் விருப்பம்தானே என்று 2008இல் பேரவை அந்த வாதத்தை ஏற்கவில்லை. வழக்கின் சாரத்தில் சகோதரிகள் தோற்றார்கள். பரிகாரங்களை முடிக்கவில்லை என்ற ஆட்சேபத்தில் தோற்கவில்லை.

*புகாரைக் கூடவே கொண்டுபோவது.* சைப்ரஸ் அரசு ஊழியர் ஒருவரின் அசினாஸ் வழக்கைப் பாருங்கள். வேலையிலிருந்து நீக்கப்பட்டபோது ஓய்வூதியமும் போனது. ஓய்வூதியம் தன் சொத்து, அதைப் பறித்தது சொத்துரிமை மீறல் என்பது அவர் வாதம். ஸ்ட்ராஸ்பூர்க்கில் முதலில் விசாரித்த அமர்வு 2002இல் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 2004இல் பேரவைக்குப் போனதும் எல்லாம் தலைகீழானது. சைப்ரஸ் உச்ச நீதிமன்றத்தின் மேல்முறையீட்டில் சொத்துரிமை வாதத்தை அவர் வைக்கவில்லை. தண்டனை மிகையானது என்பதைத்தான் பேசியிருந்தார். மனு விசாரணைக்கு உகந்ததல்ல என்று முடிந்தது. கையில் வந்த வெற்றி, உள்நாட்டில் விடுபட்ட ஒரு வாதத்தால் போனது.

செர்பியாவின் வுச்கோவிச் வழக்கும் இப்படித்தான். 1999 நேட்டோ தாக்குதலின்போது சேவை செய்த ரிசர்வ் படையினரில், குறிப்பிட்ட சில வட்டாரங்களில் வசிப்பவர்களுக்கு மட்டும் அரசு தினப்படிப் பணம் கொடுத்தது. மற்றவர்கள் பாகுபாடு என்று முறையிட்டார்கள். 2012இல் அமர்வு அவர்களுக்குச் சாதகமாகச் சொன்னது. 2014 மார்ச் 25 அன்று பேரவை அதை மாற்றியது: பாகுபாடு என்ற புகாரைச் செர்பிய நீதிமன்றங்களில் அவர்கள் முறையாக வைக்கவில்லை. நாட்டு நீதிமன்றங்கள் பார்க்காத விஷயத்தைத் தான் முதல் நீதிமன்றமாக இருந்து விசாரிக்க முடியாது என்று அந்தத் தீர்ப்பு விரிவாகச் சொல்கிறது.

உடன்படிக்கையின் பிரிவு எண்ணை உள்நாட்டில் குறிப்பிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. விஷயத்தின் சாரம் இருந்தால் போதும் என்று 1991 கார்தோ வழக்கிலிருந்தே நீதிமன்றம் சொல்லிவருகிறது. ஆனால் அந்த வழக்கிலேயே கார்தோ தோற்றார், சாரம்கூட இல்லை என்று. ஆகவே என் அறிவுரை: எண்ணையும் எழுதுங்கள், காரணத்தையும் எழுதுங்கள். முதல் மேல்முறையீட்டிலேயே "இந்த முடிவு 3ஆம் பிரிவை மீறுகிறது, ஏனென்றால்…" என்று தனிப் பத்தி இருக்கட்டும். அடுத்த கட்டத்திலும் அதே பத்தி இருக்கட்டும். வக்கீல் "இந்த நீதிமன்றத்தில் அது வேண்டாம், நடைமுறைக் குறையை மட்டும் பேசுவோம்" என்று சொன்னால், ஸ்ட்ராஸ்பூர்க் போகும் எண்ணம் இருப்பதை அவரிடம் வெளிப்படையாகச் சொல்லி, ஒரு வரியாவது வைக்கச் சொல்லுங்கள். கொடுத்த ஒவ்வொரு வாதத்தின் நகலையும், பெற்றுக்கொண்டதற்கான முத்திரையோடு, கையில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அதுதான் சாட்சி.

*முறைப்படி செய்வது.* கெடு தாண்டிப் போட்ட மேல்முறையீடு, கட்டணம் கட்டாததால் தள்ளுபடியான மேல்முறையீடு, காரணம் எழுதாமல் போட்ட மேல்முறையீடு எதுவும் பரிகாரத்தை முடித்ததாகக் கணக்கில் வராது. 1998 பஹதார் வழக்கு இதில் மிகக் கடுமையானது. வங்கதேசத்திலிருந்து நெதர்லாந்துக்கு வந்து தஞ்சம் கேட்டவர். திருப்பி அனுப்பினால் உயிருக்கு ஆபத்து என்பது அவர் வாதம். அவருடைய வக்கீல் மேல்முறையீட்டுக் காரணங்களை உரிய நேரத்தில் கொடுக்கவில்லை. அவகாசம் நீட்டிக்கவும் கேட்கவில்லை. உயிர் பற்றிய வழக்கிலும் உள்நாட்டு நடைமுறையை மதித்தே ஆக வேண்டும் என்று சொல்லி மனுவை ஏற்க மறுத்தது நீதிமன்றம். வக்கீலின் தாமதம் கட்சிக்காரர் தலையில் விழுந்தது. இது எனக்கு இன்றும் நியாயமாகப் படவில்லை. ஆனால் சட்டம் அங்கேதான் நிற்கிறது. அதைத் தெரிந்து நடப்பதுதான் நமக்குப் பாதுகாப்பு. கெடு தேதியை வக்கீலிடம் விட்டுவிடாமல் நீங்களும் எழுதி வைத்து, முந்தைய வாரம் அழைத்துக் கேளுங்கள்.

*வெளியேற்றத்தைத் தடுக்கும் பரிகாரம்.* நாடுகடத்தல் வழக்குகளுக்கு ஒரு தனி அளவுகோல் உண்டு: மனுப் போட்டாலே வெளியேற்றத்தை நிறுத்திவைக்கும் பரிகாரமா என்பது. அப்படிப்பட்டது இருந்தால் அதைக் கட்டாயம் பயன்படுத்த வேண்டும். இதைத் தெளிவாகச் சொன்ன தீர்ப்புகளில் ஒன்று நம்மவர் ஒருவருடையது: இலங்கைத் தமிழர் ஒருவர் பிரிட்டனுக்கு எதிராகப் போட்ட, 2008 ஜூலை 17 அன்று தீர்ப்பான என்.ஏ. வழக்கு. அதிகாரிகளின் முடிவு சட்டப்படி சரியா என்று நீதிமன்றத்தைப் பார்க்கக் கேட்கும் நீதித்துறை மறுஆய்வு மனு வெளியேற்றத்தை நிறுத்தும் என்றால், ஸ்ட்ராஸ்பூர்க்கில் இடைக்காலத் தடை கேட்பதற்கு முன்பேகூட அதைப் போட வேண்டும் என்கிறது அந்தத் தீர்ப்பு. அந்தக் காலத்தில் பிரிட்டனிலிருந்து முந்நூறுக்கும் மேற்பட்ட தமிழர்களுக்கு இடைக்காலத் தடை கிடைத்திருந்தது. அவரைத் திருப்பி அனுப்பினால் 3ஆம் பிரிவு மீறப்படும் என்று தீர்ப்பு வந்தது. அதே பிரிட்டனுக்கு எதிராக 1991இல் வில்வராஜா வழக்கில் ஐந்து தமிழர்கள் தோற்றிருந்தார்கள். நீதித்துறை மறுஆய்வு பயனுள்ள பரிகாரமே என்று அப்போதே சொல்லப்பட்டுவிட்டது.

*எப்போது விலக்கு கிடைக்கும்?* "போனாலும் தோற்பேன்" என்ற சந்தேகம் விலக்குக்குப் போதாது. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் காசில்லாமல் மனம் சோர்ந்து நிற்கும் குடும்பங்கள் இந்த இடத்தில்தான் நிறுத்திவிடுகின்றன. மேல்நீதிமன்றம் இதே போன்ற வழக்குகளைத் தொடர்ந்து தள்ளிவருகிறது என்று தீர்ப்புகளோடு காட்ட முடிந்தால் அது வேறு. நெதர்லாந்துக்கு எதிராக ஒரு சோமாலியர் போட்ட ஸலாஹ் ஷேக் வழக்கில் 2007இல் அப்படித்தான் நடந்தது: மேல்முறையீட்டுக்கு நடைமுறையில் வாய்ப்பே இல்லை என்று காட்டப்பட்டதால், அவர் அதைப் போடாதது குற்றமாகவில்லை.

இன்னொரு விலக்கு, அரசே பரிகாரத்தைச் செத்துப்போக விட்ட நிலை. 1992இல் துருக்கியின் தென்கிழக்கே குர்து கிராமம் ஒன்றில் வீடுகள் எரிக்கப்பட்டன. அரசு, "எங்கள் நீதிமன்றங்களுக்கு வரவில்லையே" என்றது. 1996 அக்திவார் தீர்ப்பு அந்தப் பகுதியின் நிலைமையைப் பார்த்தது. பாதுகாப்புப் படையினர் மீதான இத்தகைய புகார்களில் முறையான விசாரணை நடப்பதில்லை, புகார் செய்பவர்கள் பழிவாங்கலுக்கு அஞ்சும் நிலையில் இருக்கிறார்கள் என்று கண்டு விலக்குக் கொடுத்தது. நிரூபிக்கும் பொறுப்பு யாருடையது என்ற ஒழுங்கும் இந்தத் தீர்ப்பில்தான் தெளிவாக இருக்கிறது. பயனுள்ள பரிகாரம் ஏட்டிலும் நடைமுறையிலும் இருந்தது என்று முதலில் அரசு காட்ட வேண்டும். காட்டிவிட்டால், அதைப் பயன்படுத்தினேன் என்றோ, என் நிலையில் அது உதவாது என்றோ, தடுக்கும் தனிச் சூழல் இருந்தது என்றோ நீங்கள் காட்ட வேண்டும். பிரெஞ்சுக் காவல் நிலையத்தில் நடந்த சித்திரவதை பற்றிய 1999 சல்மூனி வழக்கிலும், புகார் கொடுத்து வருடங்கள் கடந்தும் அதிகாரிகள் வேகம் காட்டாததால் அரசின் ஆட்சேபம் தள்ளப்பட்டது.

*புதிதாக வரும் பரிகாரம்.* பரிகாரங்கள் முடிந்தனவா என்பதை மனுப் போட்ட நாளை வைத்துப் பார்ப்பதுதான் பொது வழக்கம். விதிவிலக்கு உண்டு. ஒரே மாதிரி ஆயிரக்கணக்கில் வழக்குகள் குவியும்போது நாடு புதிய அமைப்பு ஒன்றைத் தொடங்கினால், ஏற்கெனவே போட்ட மனுக்களையும் அங்கே திருப்பிவிடக்கூடும். வட சைப்ரஸ் நில வழக்குகளில் 2010இல் டெமோபுலோஸ் முடிவு அப்படி. 2016 ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சிக்குப் பிறகு அவசர ஆணையால் வேலையிழந்த துருக்கி ஆசிரியரின் கொக்சால் மனுவும் 2017இல் புதிதாக வந்த ஆணையத்துக்குப் போகச் சொல்லித் தள்ளப்பட்டது. மனு நிலுவையில் இருக்கும்போது உள்நாட்டுச் செய்தியைக் கவனித்துக்கொண்டே இருங்கள்.

படி 3: நான்கு மாதக் கெடு

முன்பு ஆறு மாதம் இருந்தது. 2022 பிப்ரவரி 1 முதல் நான்கு மாதம். இணையத்தில் பழைய கட்டுரைகள் இன்னும் ஆறு என்றே சொல்லிக்கொண்டிருக்கின்றன, நம்பாதீர்கள்.

இறுதி உள்நாட்டு முடிவு உங்களுக்கோ உங்கள் வக்கீலுக்கோ கிடைத்த நாளுக்கு அடுத்த நாளிலிருந்து எண்ண வேண்டும். வக்கீலுக்கு மார்ச் 10இல் வந்து அவர் உங்களிடம் ஏப்ரலில் சொன்னாலும், கணக்கு மார்ச்சிலிருந்துதான். கடைசி நாள் ஜூலை 10. அது ஞாயிறாக இருந்தாலும், விடுமுறையாக இருந்தாலும் மறுநாளுக்குத் தள்ளாது. 2012 சப்ரி குனெஷ் வழக்கில் பேரவை இதை உறுதியாகச் சொல்லியிருக்கிறது. முழுமையாக நிரப்பிய படிவத்தை அஞ்சலில் சேர்த்த முத்திரைத் தேதிதான் மனுத் தேதி. தொலைநகலில் அனுப்பினால் கெடு நிற்காது.

பரிகார விதியும் கெடு விதியும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. பயனில்லாத பரிகாரம் ஒன்றைத் தேடிப் போய் ஏழு மாதம் காத்திருந்தீர்கள் என்று வையுங்கள். நீதிமன்றம் அதைக் கணக்கில் எடுக்காமல், அதற்கு முந்தைய முடிவிலிருந்து நான்கு மாதத்தை எண்ணும், மனு காலாவதி. சரி, அதைத் தேடாமல் நேரே ஸ்ட்ராஸ்பூர்க் வந்தால், அது பயனுள்ள பரிகாரம்தான், ஏன் போகவில்லை என்று கேட்கக்கூடும். இரண்டு பக்கமும் இடி, மத்தளத்துக்கு இடிப்பது போல. சந்தேகமாக இருந்தால் இரண்டையும் செய்யுங்கள்: உள்நாட்டில் அந்த மனுவையும் போடுங்கள், நான்கு மாதம் முடியும் முன் ஸ்ட்ராஸ்பூர்க்கிலும் போட்டு, அது நிலுவையில் இருப்பதைப் படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள். மனுப் போட்ட சிறிது காலத்தில், தகுதி பற்றி முடிவு சொல்வதற்குள் கடைசிக் கட்டம் முடிந்துவிட்டால் நீதிமன்றம் பொதுவாக ஏற்றுக்கொள்கிறது.

"பரிகாரமே இல்லை" என்பதுதான் உங்கள் நிலைப்பாடு என்றால், சம்பவம் நடந்த நாளிலிருந்தோ அது உங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்தோ கெடு ஓடத் தொடங்கும்.

படி 4: மற்ற தடைகள்

பெயரில்லாத மனு எடுபடாது. வெளியே பெயர் வரக் கூடாது என்றால் அதைத் தனியாகக் கேட்கலாம், என்.ஏ. போன்ற எழுத்துகள் அப்படி வந்தவைதான். இதே விஷயத்தை ஐ.நா. மனித உரிமைக் குழுவுக்கும் கொடுத்திருந்தால் இங்கே தள்ளுபடி. முக்கியமான தகவலை மறைத்தாலோ போலி ஆவணம் கொடுத்தாலோ, உரிமையைத் தவறாகப் பயன்படுத்தியதாக மனு போய்விடும். ஊரில் நிலைமை மாறியது, விசா கிடைத்தது, திருமணமானது எதுவானாலும் உடனே எழுதித் தெரிவியுங்கள். 2010 முதல், பாதிப்பு மிகச் சிறியது என்ற காரணமும் சேர்ந்திருக்கிறது.

அதிகம் அடிபடும் காரணம் "தெளிவாகவே ஆதாரமற்றது" என்பது. உள்ளூர் நீதிபதி சாட்சியைத் தவறாக மதிப்பிட்டார், சட்டத்தைத் தவறாகப் படித்தார் என்று மட்டும் எழுதினால் இதில் விழும். ஸ்ட்ராஸ்பூர்க் மற்றொரு மேல்முறையீட்டு நீதிமன்றம் அல்ல. அந்தத் தவறால் உங்களுடைய எந்த உரிமை எப்படி மீறப்பட்டது என்பதை எழுத வேண்டும்.

பாதிக்கப்பட்டவர் என்ற நிலை பற்றியும் ஒரு தமிழர் வழக்கு இருக்கிறது. சுவிட்சர்லாந்து 2013இல் ஒருவரைக் குடும்பத்தோடு இலங்கைக்குத் திருப்பி அனுப்பியது. அங்கே அவர் பிடிக்கப்பட்டு, சிறையில் வைக்கப்பட்டுக் கொடுமைக்கு ஆளானார். பிறகு சுவிட்சர்லாந்தே தஞ்சம் கொடுத்தது. ஆனாலும் 2017இல் 3ஆம் பிரிவு மீறப்பட்டதாகத் தீர்ப்பு வந்தது. தஞ்சம் பின்னால் கிடைத்துவிட்டது என்பதற்காக நடந்த மீறலைப் பற்றிய புகார் தானாக முடிந்துவிடாது.

படி 5: படிவம்

2014 முதல் நீதிமன்றத்தின் நடைமுறை விதிகளில் 47ஆம் விதி மிகக் கண்டிப்பாக நடைமுறையில் இருக்கிறது. நீதிமன்றத்தின் சொந்தப் படிவத்தில்தான் போட வேண்டும். கடிதமாக எழுதினால் ஏற்க மாட்டார்கள். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும், கையெழுத்து விடுபட்டாலும், முக்கிய ஆவணம் இல்லாவிட்டாலும் மனு பரிசீலனைக்கே போகாது. திருத்தி முழுதாக மறுபடி அனுப்பலாம், நான்கு மாதம் மிச்சமிருந்தால். கடைசி வாரத்தில் அனுப்பாதீர்கள் என்பதற்கு இதுவே போதுமான காரணம்.

உறுப்பு நாடுகளின் அரசு மொழி எதிலும் எழுதலாம். தமிழில் முடியாது. நடந்தவற்றையும் புகார்களையும் படிவத்துக்குள்ளேயே சுருக்கமாகவும் தெளிவாகவும் எழுதிவிட வேண்டும். விளக்கத்துக்காக அதிகபட்சம் 20 பக்கம் இணைக்கலாம். இணைப்பைப் படித்தால்தான் வழக்கு புரியும் என்ற நிலை வரக் கூடாது.

ஒவ்வொரு புகாருக்கும் பக்கத்தில், எந்த நீதிமன்றத்தில் எந்தத் தேதியில் அதை வைத்தீர்கள், முடிவு எப்போது வந்தது என்று எழுதும் பகுதி உண்டு. மேலே சொன்ன அத்தனையும் இந்தச் சிறிய பகுதியில் வந்து சேர்கிறது. தீர்ப்புகளின் நகல்கள் மட்டும் போதாது. நீங்கள் கொடுத்த மேல்முறையீட்டு மனுக்களின் நகல்களையும் வையுங்கள், அவற்றில் இந்தப் புகார் இருக்கும் பக்கத்தைக் குறிப்பிடுங்கள். எல்லாம் காலவரிசைப்படி, பக்க எண்ணிட்டு, பின் அடிக்காமல், ஒட்டாமல். மூல ஆவணம் எதையும் அனுப்பாதீர்கள், திரும்ப வராது.

அவசரம் என்றால்

விமானச் சீட்டு போட்டாகிவிட்டது, நாளை மறுநாள் அனுப்பப் போகிறார்கள் என்றால் 39ஆம் விதியின் கீழ் இடைக்காலத் தடை கேட்கலாம். திருத்த முடியாத கடும் தீங்கு உடனடியாக நேரும் என்ற நிலைக்கு மட்டுமே இது. இதற்கான தனி இணையத்தளம், தொலைநகல், அஞ்சல் வழியாக அனுப்ப வேண்டும்; மின்னஞ்சலில் அனுப்பினால் எடுக்க மாட்டார்கள். கடைசி உள்நாட்டு முடிவு, ஆபத்துக்கான ஆதாரம், புறப்படும் நாள், நேரம், விமான எண் எல்லாம் முதல் பக்கத்திலேயே இருக்கட்டும். வெளியேற்றத்தை நிறுத்தும் உள்நாட்டு மனு பாக்கியிருந்தால் அதை அன்றைக்கே போட்டுவிட்டு, போட்ட சான்றையும் சேர்த்து அனுப்புங்கள்.

அனுப்பிய பிறகு

மனு ஒற்றை நீதிபதியிடம் போய் நிராகரிக்கப்பட்டால் அது இறுதி, மேல்முறையீடு கிடையாது. அப்படி ஆனாலும் உள்நாட்டில் வழி எல்லாம் அடைந்துவிட்டதாக எண்ண வேண்டாம். புதிய ஆதாரமோ, ஊரில் மாறிய நிலைமையோ இருந்தால், பல நாடுகளில் மறு தஞ்சக் கோரிக்கை வைக்க முடியும். அதிலிருந்து வரும் புதிய முடிவுக்குப் புதிய மனுவும் போடலாம்.

ஒற்றை நீதிபதியின் கட்டத்தைத் தாண்டினால் மனு அரசுக்கு அனுப்பப்பட்டு அதன் பதில் கேட்கப்படும். இந்தக் கட்டத்திலிருந்து பொதுவாக வக்கீல் தேவை, ஆங்கிலம் அல்லது பிரெஞ்சில் எழுத வேண்டும். வசதியில்லாதவர்கள் சட்ட உதவி கேட்கலாம். அரசின் பதிலில் "உள்நாட்டுப் பரிகாரங்கள் முடிக்கப்படவில்லை" என்ற ஆட்சேபத்தை நிச்சயம் எதிர்பாருங்கள். அதைப் படிக்கும்போது மூன்று விஷயங்களைத் தேடுங்கள். எந்தப் பரிகாரம் என்று பெயர் சொல்லியிருக்கிறார்களா? உங்களைப் போன்ற நிலையில் அந்தப் பரிகாரத்தால் யாருக்காவது பலன் கிடைத்ததாக ஒரு தீர்ப்பாவது காட்டியிருக்கிறார்களா? சம்பவம் நடந்த காலத்தில் அது இருந்ததா? சட்டப் பிரிவை மட்டும் மேற்கோள் காட்டி, உதாரணம் ஒன்றும் காட்டாமல் விட்டிருந்தால், பதிலின் முதல் பத்தியிலேயே அதைச் சொல்லி அக்திவார் தீர்ப்பைக் குறிப்பிடுங்கள். இந்த ஆட்சேபத்தை அந்த எழுத்துப் பதிலிலேயே எழுப்பாமல், தக்க காரணமின்றிப் பின்னால் எழுப்பினால் 55ஆம் விதிப்படி அரசுக்கு அது தடைப்படும். அதையும் விடாமல் எழுதுங்கள். நட்ட ஈடு கேட்பதற்கும் இதே கட்டத்தில் ஒரு கெடு கொடுப்பார்கள். படிவத்தில் ஏற்கெனவே கேட்டிருந்தாலும், அந்தக் கெடுவுக்குள் தொகையையும் செலவுச் சீட்டுகளையும் புதிதாகக் கொடுக்க வேண்டும்.